அரிதாரத்தோடு வீட்டுக்குள் வராதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மனைவி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், இப்போது பேறுகால விடுப்பில் இருக்கிறார். இன்னும் நான்கு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு எட்டு மாதம். மூன்று வருடமாக ஒரு ஃபேன்டசி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏற்காட்டில் சேர்வராயன் குகைக் கோயிலுக்குள் இறங்கினால் காவிரி வரைக்கும் வழி போகிறது என்று என் பாட்டி சொல்வார். அதுதான் விதை. இப்போது அந்த வழியில் ஏழு அடுக்கு, ஏழு நாடு, ஒவ்வொன்றுக்கும் தனி நாணயம், தனி மாதக் கணக்கு என்று வளர்ந்து நிற்கிறது. தினமும் ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணி வரை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தனியாக பைக்கில் ஏற்காடு போய்க் குறிப்பு எடுக்கிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொடுக்க முடியுமா என்று ஒரு பதிப்பாளர் கேட்டிருக்கிறார்.

போன மாதம் மகளுக்கு முதல் பல் விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து “அப்பா, இங்க பாருங்க” என்றாளாம். நான் திரும்பாமலே “அப்புறம் சாமி” என்றேனாம். எனக்கு நினைவே இல்லை. மூன்று நாள் கழித்துப் பேனா ஸ்டாண்டின் அடியில் அந்தப் பல் கிடந்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மனைவி சண்டை போடவில்லை. “நாவல் முடியற வரைக்கும் நான் தனியாத்தான் ரெண்டு பேரையும் வளர்க்கறேன்னு சொல்லிடுங்க, நானும் மனசத் தேத்திக்கறேன்” என்றார். சில ராத்திரி எழுதவும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. நாவலை நிறுத்திவிடட்டுமா? பிள்ளைகள் வளர்ந்த பிறகு எழுதிக்கொள்ளட்டுமா? ஆனாலும் ஒன்று புரியவில்லை. நான் எங்கேயும் ஓடிப்போகவில்லையே, ஒரே அறையில் அவர்கள் கண்ணெதிரில்தானே இருக்கிறேன்?

பதில்:

தம்பி, நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படிக்கும்போது உங்கள் கண் அந்த வார்த்தையைத்தான் தேடும்.

“பிள்ளைகளுக்காக விட்டுட்டேன்” என்று சொல்லும் அப்பாக்களை இருபத்தைந்து வருடமாக என் அறையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டை விட்டவர், கபடியை விட்டவர், நாடகத்தை விட்டவர் என்று எத்தனையோ பேர். மனம் ஒப்பி விட்டவர்கள் என்னிடம் வருவதில்லை. மனம் ஒப்பாமல் விட்டவர்கள் அந்தக் கடனைப் பிள்ளையின் பெயரில் எழுதி வைத்துவிடுகிறார்கள். பிள்ளை பிளஸ் டூவில் மார்க் குறைந்து வரும் நாளில் வட்டியோடு கேட்கிறார்கள். வாங்காத கடனுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? உங்கள் மகள் அந்த நிலைக்கு வரக்கூடாது. அதனால்தான் எழுதுங்கள் என்கிறேன்.

ஆனால் இப்படியே எழுதவும் கூடாது.

ஒரே அறையில்தானே இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு தூணில் வில்லோடு ராமன், இன்னொரு தூணில் வாலி. ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி நன்றாகத் தெரிவான். வாலி இருக்கும் பக்கம் போய் நின்று பார்த்தால் ராமன் தெரியமாட்டான். சிற்பி கணக்குப் போட்டு அப்படிச் செதுக்கியிருக்கிறார். உங்கள் அறையும் அப்படித்தான் இருக்கிறது. நாற்காலியிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் தெரிகிறார்கள், மனைவி தெரிகிறார், அதனால் எல்லோரோடும் இருப்பதாக உங்களுக்குப் படுகிறது. பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் வந்து நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்பா தெரியவில்லை. முதுகு தெரிந்தது. குரல் கூடக் கேட்டது. அவ்வளவுதான்.

என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நான் ஆலோசனை சொல்லப் படித்ததெல்லாம் அப்புறம்தான். இந்த விஷயத்தில் எனக்கு முதல் பாடம் அவர்தான்.

இளம்பிள்ளைப் பக்கம் ஒரு ஊரில் தறி நெய்தவர். திருவிழாக் காலம் வந்தால் கூத்துக்குப் போய்விடுவார். இரணியன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. விடிய விடிய ஆடிவிட்டு முதல் பஸ்ஸில் வருவார். சில நாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அரிதாரத்தைச் சரியாகத் துடைக்காமலே ஏறிவிடுவார். அப்படி வந்த காலையில் வீட்டுக்குள் நுழையமாட்டார். திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். அம்மா ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்து வைப்பார். நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். முதலில் கன்னத்துச் சிவப்பு கரையும், அப்புறம் புருவத்துக் கறுப்பு. துணி சேறு மாதிரி ஆகிவிடும். காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் விரலை விட்டுத் துடைப்பார். அவசரப்படவே மாட்டார். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி நிமிர்ந்த பிறகுதான் “கண்ணு” என்று கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நின்றிருப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். என்னை மெதுவாக விலக்கிவிட்டுச் சொன்னார்: “இரணியன் முகத்தோட பிள்ளையத் தொடக்கூடாது.” இரணியனும் ஒரு பிள்ளையைப் பெற்ற அப்பாதான், அந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்தினான் என்பது ஊருக்கே தெரியும். அப்பா அதை நினைத்துச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க ராஜாவாக நின்ற ஒரு மனிதர் அப்பாவாக மாறக் கொஞ்ச நேரம் வேண்டும், அந்த நேரத்தை அவர்தான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டில் இல்லாத ராத்திரிகள் நிறைய. ஆனால் இருக்கும்போது இருந்தார்.

உங்கள் அரிதாரம் கண்ணுக்குத் தெரியாதது. அதுதான் சிக்கல். ஏழாவது அடுக்கு நாட்டு ராஜாவின் முகத்தோடு நீங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உங்களுக்கே தெரிவதில்லை. பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

நாவல் எழுதும் எல்லோருக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. நம் தெருவைப் பற்றி எழுதுபவர் நாற்காலியை விட்டு எழுந்தால் தெரு அங்கேயே இருக்கும், யாரும் காவல் காக்க வேண்டாம். நீங்கள் எழுதுவது இல்லாத ஒரு உலகம். மூன்றாம் அடுக்கில் எத்தனை மாதம், எந்த நாணயம் எங்கே செல்லாது, யார் செத்தார், யார் செத்ததாகப் பொய் சொன்னார் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. கவனம் கொஞ்சம் அகன்றாலும் எல்லாம் சரிந்துவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயத்தில்தான் பல் துலக்கும்போதும், மகனைத் தூக்கி வைத்திருக்கும்போதும் அந்த உலகத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். சுயநலமா என்று உங்களையே குடைந்துகொள்ள வேண்டாம். இது சுமை. இறக்கி வைக்க ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான்.

இடம் இருக்கிறது. நீங்கள் கணக்கு எழுதுபவர். எந்த ஆசாரிக்கு எத்தனை கிராம் வெள்ளி போனது, எத்தனை ஜோடி கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்பதை நீங்கள் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்களா? பேரேட்டில் எழுதி மூடிவிட்டுப் போகிறீர்கள். நாவலுக்கும் ஒரு பேரேடு போடுங்கள். நாட்டுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம், நாணயத்துக்கும் மாதத்துக்கும் தனித்தனிப் பக்கம். முதல் இரண்டு வாரம் ஒரு வரி கூட நாவல் எழுதாமல் இதை மட்டும் செய்யுங்கள். வீண் வேலை என்று தோன்றும். முடித்த பிறகு தோள் லேசாகும்.

அப்புறம், ஒவ்வொரு முறை எழுந்திருக்கும் முன்பும் மூன்று வரி எழுதுங்கள். இப்போது யார் எங்கே நிற்கிறார்கள், அடுத்து என்ன நடக்கப்போகிறது, எது இன்னும் முடிவாகவில்லை. மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முடிக்காத வேலை வேறு வேலையின் நடுவில் வந்து மனதைப் பிடித்து இழுக்கும். அதை எப்போது, எப்படி முடிப்போம் என்று தெளிவாகத் திட்டம் எழுதி வைத்தவர்களுக்கு, வேலை முடியாமல் இருந்தும் அந்த இழுப்பு குறைந்தது. அந்த மூன்று வரிதான் உங்களுக்குத் தேங்காய் எண்ணெய். எழுதி மூடிவிட்டு நிஜமாகவே முகம் கழுவுங்கள். தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் போதும். கைபேசி வேண்டாம், அதைக் கையில் எடுத்தால் இன்னொரு வேஷம் ஏறிக்கொள்ளும்.

சேதாரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகு போடும்போது கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் குறையும், நீங்கள் தினமும் பார்ப்பது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். எழுதிக்கொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்பது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெள்ளியை உருக்கி ஊற்றுவது. நாவலும் குறைகிறது, பிள்ளையும் குறைகிறாள். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். எழுதும் நேரத்தில் வீட்டில் இல்லாதவராகவே இருங்கள், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த நேரம் எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் மனைவி வருகிறார். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் பல தடவை படித்தேன். அதில் கோபம் இல்லை என்று நீங்கள் ஆறுதலடைந்திருக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடும் மனைவிக்கு இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது. “மனசத் தேத்திக்கறேன்” என்பவர் எதிர்பார்ப்பதை நிறுத்தத் தயாராகிறார்.

என் அப்பா ஆடிய ராத்திரிகளில் அம்மா ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருப்பார். தறி சும்மா நிற்கும் நாளுக்கும் சேர்த்துச் சுற்றி வைப்பார். கூத்தில் கிடைத்த பணத்தை அப்பா அப்படியே அம்மா கையில்தான் கொடுத்தார். அது போதவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பணத்தை மட்டும் இல்லை, அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அப்பாவின் கைதட்டலில் பாதி அந்த ராட்டைக்குச் சேர வேண்டியது. யாரும் சேர்க்கவில்லை, நான் உட்பட.

நீங்கள் ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை எழுத முடிவதற்குக் காரணம், மகன் அழும்போது இன்னொருவர் எழுந்திருக்கிறார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருக்குக் கொடுத்த விடுப்பை நீங்கள் எழுதித் தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன், மன்னியுங்கள். நான்கு மாதத்தில் அவர் டூட்டிக்குப் போய்விடுவார், நைட் ஷிஃப்ட் வாரமும் வரும். அப்போது இந்த ஏற்பாடு ஒரே நாளில் முறிந்துவிடும். அதற்குள் புதிய வழக்கம் படிந்திருக்க வேண்டும்.

இப்போது வாரத்துக்கு 28 மணி நேரம் எழுதுகிறீர்கள். அதில் எத்தனை மணி நிஜமாக எழுத்து ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பகலெல்லாம் கணக்கு எழுதிய கண்ணுக்கு நள்ளிரவுக்கு மேல் வருவது பெரும்பாலும் பிடிவாதம்தான். அதை விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் அதிகாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வீட்டுக்கு வெளியே, நூலகத்தில். மொத்தம் ஏழரை மணி நேரம். பேரேடு தயாராக இருந்தால் இந்த ஏழரையில் இப்போதைவிடக் குறைவாக எழுதமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் ஏழரையைக் குறிக்கும் முன் அவருடைய ஏழரையைக் குறியுங்கள். அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. அவர் தூங்கட்டும், அக்கா வீட்டுக்குப் போகட்டும், மாடியில் சும்மா உட்காரட்டும், என்ன செய்தார் என்று கேட்க வேண்டாம். மகனுடைய ஸ்வெட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது, மருந்து எத்தனை மில்லி என்று போன் பண்ணவும் கூடாது. அதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதுதான் பார்த்துக்கொள்வது. டூட்டி தொடங்கிய பிறகு ஷிஃப்ட் வாராவாரம் மாறும். அதனால் ஞாயிறு ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் இரண்டு பேரும் காலண்டரோடு உட்கார்ந்து அந்த வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். கிடைக்கட்டும்.

சின்னவனைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. எட்டு மாதக் குழந்தை குறை சொல்லாது என்பதால் இருக்கலாம். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாட வேண்டும், பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது, தன் அம்மாவைத் திரும்பக் கொண்டுவர என்னென்னவோ செய்கிறது. முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அம்மா எங்கேயும் போகவில்லை, எதிரிலேயேதான் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகன் இருக்க, கண் சுவரில் இருக்க, மனம் நான்காம் அடுக்கில் இருக்கும்போது உங்கள் முகம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். அவன் உங்களை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினால், “தொந்தரவே இல்லாத பிள்ளை” என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

இதைப் படித்துப் பதறவும் வேண்டாம். எந்த அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்கப் பிள்ளையோடு ஒட்டியே இருப்பதில்லை. அறுந்து அறுந்து சேர்வதுதான் இயல்பு என்பதும் அதே ட்ரானிக் சொன்னதுதான். தறியில் இழை அறுந்தால் யாரும் பாவு நூல் முழுவதையும் கழற்றி எறிவதில்லை. எழுந்து போய் முடிச்சுப் போடுகிறோம்.

மகளுக்கு ஒரு அடையாளம் வையுங்கள். கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வேஷக்காரர் அதற்குப் பின்னால் வந்து நிற்பார். திரை விலகும் வரை அவர் வரவில்லை என்றே பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் வீட்டில் எழுத உட்காரும்போது நாற்காலியின் முதுகில் ஒரு துண்டைப் போடுங்கள். துண்டு இருந்தால் அப்பா குகைக்குள் இருக்கிறார். எடுத்துவிட்டால் வெளியே வந்துவிட்டார். இதை அவளிடமே சொல்லி, துண்டை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு உரிமையும் கொடுங்கள்: பல் விழுந்தால், ரத்தம் வந்தால், பயமாக இருந்தால், யாராவது அழ வைத்தால், துண்டை அவளே இழுத்துப் போடலாம். முதல் வாரம் ஒரு நாளைக்கு நான்கு முறை இழுப்பாள். திரும்பிப் பாருங்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் திரும்புவீர்கள் என்று தெரிந்த பிறகு இழுப்பது குறையும்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு எழுதலாமா என்று கேட்டீர்கள். நான் வேறு ஒரு கணக்குச் சொல்கிறேன். டோல்கீனை நீங்கள் கட்டாயம் படித்திருப்பீர்கள். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், நான்கு பிள்ளைகளுக்கு அப்பா. 1920-லிருந்து 1943 வரை, கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவது போல நடுங்கும் கையெழுத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதி, படமும் வரைந்து வைத்தார். 1937-இல் புத்தகமாக வந்த ‘ஹாபிட்’ அதற்கு முன்பே வீட்டில் பிள்ளைகள் கேட்ட கதை. ஒருமுறை அவருடைய மூன்றாவது மகன் கிறிஸ்டோபர் கதையின் நடுவில் எழுந்து, போன தடவை வாசற்கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்கள் என்று பிடித்துவிட்டான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய்க் குறித்து வைத்தார். அதே மகன் 1944-இல் விமானப் படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, அடுத்த பெரிய நாவலான ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அத்தியாயங்களை எழுத எழுத அவனுக்குத் தபாலில் அனுப்பினார். அந்தப் பெரிய நாவல் 1937 டிசம்பரில் தொடங்கியது. எழுதி முடிக்க 1949 ஆனது, முதல் பாகம் வெளிவர 1954 ஆனது. அதற்கு வரைபடம் வரைந்தது அந்த மகன்தான். வீட்டு வேலையில் அப்பாவின் பங்கு என்ன என்று யாரும் கேட்காத காலம் அது, அதை நீங்கள் பின்பற்றவேண்டாம். ஆனால் கதவின் நிறத்தைக் கண்டுபிடிக்கும் வயது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நாள் இருக்கும்? உங்கள் மகளுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அவள் காலேஜுக்குப் போன பிறகு உங்களுக்கு நேரம் நிறைய இருக்கும், “அப்புறம் என்ன ஆச்சு” என்று கேட்க அவள் இருக்கமாட்டாள்.

அதற்காக நாவலைப் பரிசோதித்துப் பார்க்கும் முதல் வாசகியாக அவளை ஆக்கிவிடாதீர்கள். ராத்திரி படுக்கும்போது ஒரு பதினைந்து நிமிடம், விளக்கை அணைத்துவிட்டு, வேறு ஏதாவது ஒரு கதை. பாதிக் கதை அவள் சொல்லட்டும். பூனை பஸ் ஓட்டட்டும், ராஜா தட்டுவடை செட் சாப்பிடட்டும். அதில் உங்கள் நாவலுக்கு உதவும் ஒரு யோசனை வந்து விழுந்தாலும் அந்த இடத்தில் குறிப்பு எடுக்காதீர்கள். அவள் தூங்கட்டும். யோசனை நல்லதாக இருந்தால் காலை வரை இருக்கும்.

பதிப்பாளரிடம் இந்த ஜனவரி முடியாது என்று சொல்லிவிடுங்கள். மூன்று வருடமாக ஏழு நாடு கட்டியவர் இன்னொரு ஜனவரி வரை பொறுக்கலாம். நல்ல பதிப்பாளராக இருந்தால் அவரும் பொறுப்பார்.

எழுதவும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பேறுகாலத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு அம்மாக்களுக்கு மட்டும் வருவதில்லை, அப்பாக்களுக்கும் வரும். இந்தத் தூக்கமின்மையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். மனைவியையும் எப்படித் தூங்குகிறார் என்று கேளுங்கள்.

ஏற்காட்டுக்கு இனிமேல் மகளோடு போங்கள். மாதம் ஒரு ஞாயிறு போதும். மே மாதம் கோடை விழாக் கூட்டமும் சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டமும் இருக்கும், அதை விட்டுவிட்டு வேறு மாதம் பாருங்கள். பஸ்ஸிலேயே போங்கள், இருபது கொண்டை ஊசி வளைவையும் அவள் விரல் விட்டு எண்ணட்டும், கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு பழைய கதை உண்டு. காஞ்சியிலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் புறப்பட்டு வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு ஏறினார் என்று. குடும்பத்தோடு வந்தார்கள் என்றுதான் அந்தக் கதை சொல்கிறது. யாரும் தனியாக ஏறவில்லை. குகைக்குள் போகும்போது குறிப்பு நோட்டு வேண்டாம். அந்த இருட்டையும் ஈரத்தையும் அவள் என்ன என்று நினைக்கிறாள் என்று கேளுங்கள். வௌவால் வீடு என்று சொன்னால், அன்றைக்கு அது வௌவால் வீடாகவே இருக்கட்டும்.

இதெல்லாம் அடுத்த வாரத்திலிருந்து. இன்று சாயங்காலம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்தப் பல்லை எடுத்துக்கொண்டு அவளிடம் போய் உட்காருங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். “நீ பல்லக் காட்ட வந்தப்ப அப்பா திரும்பிப் பாக்கல. அது என் தப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். நாவல், பதிப்பாளர், வேலைக் களைப்பு எதுவும் அதில் வரக்கூடாது. அவள் ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய்விடலாம், போகட்டும். இல்லை என்றால், விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிவது நம் வீடுகளில் வழக்கம், ஒருவேளை அதற்காகத்தான் அவள் அன்றைக்கு உங்களிடம் வந்தாளோ என்னவோ. இப்போது எறியலாமா என்று கேளுங்கள். ஓட்டுக் கூரை இல்லாத வீடாக இருந்தால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே எறியலாம். அவள் கைக்கு எட்டாது, தோளில் தூக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு முன்பல் விழுந்தால் பக்கத்துப் பல்லும் சீக்கிரத்தில் ஆடத் தொடங்கும். எது ஆடுகிறது என்று கேளுங்கள். விரலால் தொட்டுப் பார்க்க விடுவாள்.